பரஸ்தானம் போன கம்பளிப் பெட்டி

எங்கள் அலுவலகக் கையெழுத்துப் பத்திரிகையில், ராகுகாலம் பார்ப்பதை ஒழிக்க வேண்டும் என்று எட்டுப் பக்கத்துக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அது மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில், நாள்காட்டித் தாளில் நல்ல நேரம் பார்த்து, மனைவிக்குத் தெரியாமல், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்தேன். இதை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், மனைவி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரஸ்தானம் தெரிந்திருக்காது. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், நல்ல வேளையில், பயணத்துக்கு எடுத்துப்போகும் சாமான் ஒன்றை வேறு யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவது. சாமான் கிளம்பிவிட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு எந்தச் சூலத்தில் புறப்பட்டாலும் கிரகங்கள் கண்டுகொள்ளமாட்டா. இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிடக்கூடிய கிரகங்களுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று என் கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் கேட்டிருந்தேன். நல்ல கேள்வி. பரஸ்தானத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வைத்த சாமான் திரும்ப நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின் போர்ஷனில் நானும் மனைவியும் குடியிருந்தோம். அவள் தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். வருஷம் தவறாமல் எட்டாம் வகுப்புக்கு உறைபனிப் பாடம் எடுப்பாள். தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, தரை தன் சூட்டை இழப்பது, காற்றில் இருக்கும் ஈரம் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்து இறுகுவது. கரும்பலகையில் புல் வரைந்து ஒவ்வொரு புல்லுக்கும் சாக்கட்டியால் வெள்ளை பூசுவாளாம். பத்தாவது வருஷம் அப்படிப் பூசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், நீங்க இதைப் பாத்திருக்கீங்களா?"

கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் மோசம். "இல்லை" என்று இவள் சொன்னாள். மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸில் படித்து, மெட்ராஸில் இருப்பவனையே கல்யாணமும் பண்ணிக்கொண்டவள் வேறென்ன சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நான் அதைப் பாத்தாகணும்."

"எதை?"

"உறைபனியை. வாயால சொல்லிண்டே இருக்கேன். கண்ணால ஒரு தடவை பாக்கணும்."

"பூமி சூரியனைச் சுத்தறதுன்னும்தான் சொல்லித்தரே. அதைப் போய்ப் பாத்துட்டா வந்தே?"

"அதை யாராலயும் பாக்க முடியாது. இதை ஊட்டிக்குப் போனா பாக்கலாம்."

வாதத்தில் நான் தோற்பது அது முதல் தடவை இல்லை என்பதால் வலிக்கவில்லை.

ஆனால் போவது எளிதாக இல்லை. அந்த டிசம்பரில் டிக்கெட் எடுத்த மறுநாள் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியும் மோருமாக விடுமுறை முழுக்கக் கழிந்தது. அடுத்த டிசம்பரில் அலுவலகத்தில் திடீர்த் தணிக்கை வந்து என் லீவு ரத்தாகிவிட்டது. இரண்டு தடவையும் தடை நான்தான். இரண்டு தடவையும் அவளே போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தாள். மூன்றாவது வருஷம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை நான் போறேன். நீங்க வரதும் வராததும் உங்க சௌகரியம்."

என் மேலதிகாரிக்கு ஊட்டிக்கு அப்பால், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில், மாமனார் வழியில் வந்த ஒரு சின்ன காட்டேஜ் இருந்தது. சீசனில் அவர் குடும்பம் போகும். மார்கழியில் எலிகள் இருக்கும். கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார். "மே மாசம் எல்லாரும் கேப்பா. மார்கழில கேட்ட ஒரே ஆசாமி நீர்தான்யா" என்று என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். கூடவே தன் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டையும் கொடுத்தார். ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: இரண்டு மைலுக்குக் கடை கிடையாது. விறகைத் தவிர எல்லாம் கொண்டுபோக வேண்டும். கம்பளி இல்லாமல் போனால் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பட்டியல் போட்டாள். எதை எடுத்தாலும் குளிர் அங்கே அதற்கு என்ன செய்யும் என்று யோசித்தாள். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஆகவே குறுகிய வாய்ப் புட்டி வேண்டாம், கரண்டியால் தோண்டுகிற மாதிரி அகல வாய் ஜாடி. தயிர் உறையாது, ஆகவே வெந்நீர் பிளாஸ்க்கில் பாலை ஊற்றிப் புரை குத்தி, அதைக் கணப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் எது உறைய வேண்டுமோ அது அங்கே உறையாது, எது உறையக் கூடாதோ அது உறையும் என்பதை அந்த நோட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய், காபிப்பொடி, பில்டர், பம்ப் ஸ்டவ், அதைக் குத்திவிட ஊசி. நான் என் பங்குக்கு ஆறு புத்தகங்கள் எடுத்து வைத்தேன். அவள் ஐந்தைத் திருப்பி அலமாரியில் வைத்தாள்.

இதெல்லாவற்றுக்கும் மேலாக அவள் ஸ்வெட்டர் பின்னினாள். பள்ளியில் தையல் டீச்சரிடம் பின்னல் கற்றுக்கொண்டு ஏப்ரலில் தொடங்கினாள். ஏப்ரலில், மெட்ராஸில், மடியில் கம்பளி நூலை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே பார்க்கிறவனுக்கு வியர்க்கும். அவள் உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கும். துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி பின்னுவாள். கத்திரி வெயிலில் என் ஸ்வெட்டரின் முதுகு முடிந்தது. ஆவணியில் அவளுடைய நீல ஸ்வெட்டர் கழுத்து வரைக்கும் வந்தது. ஐப்பசி மழையில் இரண்டு ஜோடிக் காலுறையும் ஒரு மப்ளரும். நீல ஸ்வெட்டரில் ஒரு கை மற்றதைவிட நீளமாகிவிட்டது. பிரித்துப் பின்ன நேரமில்லை.

டிசம்பர் வந்தது. பள்ளி விடுமுறையின் முதல் நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். புதன்கிழமை இரவே கம்பளிச் சாமான்கள் அத்தனையும், மேலதிகாரியின் கோட்டு உட்பட, ஒரு தோல் பெட்டிக்குள் போய்விட்டன. எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. லீவு கையெழுத்தாகியிருந்தது. தடை எங்கிருந்து வரும் என்று தெரியாததால் பயம் அதிகமாயிற்று. இரண்டு தடவை கெடுத்தவன் மூன்றாவது தடவையும் கெடுத்துவிடக்கூடாது என்ற வைராக்கியத்தில், வியாழக்கிழமை காலை அவள் விடைத்தாள் கட்டோடு பள்ளிக்குக் கிளம்பியதும், நாள்காட்டியைப் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. ஊட்டி மேற்கே இருந்தது.

பரஸ்தானத்துக்கு ஒரு துண்டு போதும். ஒரு சொம்பு போதும். ஆனால் அரைகுறையாக நம்புகிறவனுக்கு அளவு தெரியாது. எது ரொம்ப முக்கியமோ அதையே வைத்தால் பலன் அதிகம் என்று தோன்றியது. கம்பளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

எங்களுக்கு மேற்கே அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் இருந்தார். கத்தோலிக்கர். மகன் கப்பலில் வேலை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. கூடத்தில் ஒரு மூலையில் ஏழெட்டு மூட்டைகள் கிடந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் யார் வீட்டில்தான் மூட்டை இல்லை என்று நான் அதை யோசிக்கவில்லை. கட்டுரை எழுதினவன் பரஸ்தானம் வைக்க வந்ததை எப்படிச் சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது.

"இதை இங்கே வைக்கலாமா?" என்றேன்.

"உள்ள என்ன சார்?"

"கம்பளித் துணிங்க. எல்லாம் நல்ல துணி. புதுசு."

"பெட்டியோடவா?"

"பெட்டியோடதான். ஒண்ணே ஒண்ணு. இது இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறக்கூடாது."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்புறம், எங்க வீட்ல தெரிய வேண்டாம்" என்றேன். "அவளுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"புரியுது சார். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்." வாசல் வரை வந்து, "உங்களை என்னவோன்னு நினைச்சிருந்தேன். இப்படிப்பட்டவர்னு தெரியாமப் போச்சு" என்றார்.

என் மூடநம்பிக்கையைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவி பெட்டி எங்கே என்று கேட்டாள். பூட்டு சரியில்லை, கொடுத்திருக்கிறேன், நாளைக்கு வந்துவிடும் என்றேன். கொடுத்திருக்கிறேன் என்ற சொல் எவ்வளவு உண்மை என்பது அப்போது எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டி வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் அதை ஒரு விரலில் மாட்டித் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கூடத்துக்கே வந்து பலகையின் மேல் வைத்தார்.

"டீச்சர், சார் சொல்லாதீங்கன்னுதான் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. எட்டு வருஷமா நானும் இந்தத் தெருவுல கிறிஸ்துமஸுக்குத் துணி சேர்க்கறேன். கிழிஞ்ச வேட்டியத்தான் குடுப்பாங்க. புத்தம் புது கம்பளி, அதுவும் கையால பின்னினது, ஒரு பெட்டி நிறைய! அடையாறு முதியோர் இல்லத்துல இன்னைக்குக் காலையில எல்லாருக்கும் குடுத்தாச்சு. மதர் கண்ணுல தண்ணி. பெட்டி நல்ல பெட்டியா இருக்கு, திருப்பிக் குடுத்துடுங்கன்னாங்க."

மனைவி பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப சந்தோஷம் மேடம். காபி சாப்பிடறேளா?" என்றாள்.

இன்றுவரை நான் கண்ட வீரச்செயல்களில் அந்தக் கேள்விக்குத்தான் முதலிடம் தருவேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் காபி குடித்து, என்னை இன்னொரு தடவை வாழ்த்திவிட்டுப் போனார். மனைவி கதவைச் சாத்தினாள்.

"இப்போ சொல்லுங்கோ."

சொன்னேன். சூலம், மேற்கு, நல்ல வேளை எல்லாவற்றையும் சொன்னேன்.  முடித்ததும் கேட்டாள்:

"பரஸ்தானமா? நீங்களா?"

"இந்தத் தடவையாவது தடங்கல் வராம..."

"தடங்கலுக்கு நீங்க ஒருத்தர் போறாதா? அதுக்கு மேற்கே வேற போகணுமா?"

நான் ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய இன்னும் நேரமிருக்கிறது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "கிளம்புங்கோ. அடையாறுக்கு" என்றாள்.

பஸ் பிடித்துப் போனோம். இல்லம் ஒரு பழைய தோட்ட வீட்டில் இருந்தது. கன்னியாஸ்திரீ ஒருவர், பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து எங்களை உள்ளே அழைத்துப்போனார். வராந்தாவில் வெயிலில் வரிசையாக முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸின் டிசம்பர் வெயில். ஆனால் குளிர் அவர்கள் எலும்பில் இருந்தது போலிருக்கிறது. ஒருவர்கூடக் கம்பளியைக் கழற்றவில்லை. என் ஸ்வெட்டர் ஒரு பாட்டனார் மேல் தொளதொளவென்று தொங்கியது. மப்ளர் இன்னொருவர் தலையில். மேலதிகாரியின் பழுப்புக் கோட்டு சாய்வு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியிருந்தது. மேலதிகாரியைவிட அவர்தான் மேலதிகாரி மாதிரி இருந்தார்.

"தம்பி, அந்தத் தட்டியை இறக்கு. காத்து வருது" என்றார் என்னிடம். இறக்கினேன். கோட்டைப் பார்த்தால் உத்தரவை மீறத் தோன்றவில்லை.

நீல ஸ்வெட்டர் கடைசியில் இருந்த ஓர் அம்மாளிடம் இருந்தது. மனைவி அவர் எதிரில் போய் நின்றாள். நான் வாயைத் திறந்தேன். என் கால்மேல் அவள் செருப்புக் குதிகால் இறங்கியது.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் கீது" என்றார் அந்த அம்மாள். "எவளோ புண்ணியவதி பின்னிக்கீறா. ஆனா கண்ணு சரியில்லாதவ போல. ஒரு கை நீட்டு, ஒரு கை குட்டை."

"மடிச்சு விட்டுண்டா சரியாப் போயிடும்" என்று இவள் குனிந்து, நீளமான கையை இரண்டு மடிப்பு மடித்து, மணிக்கட்டில் சரியாக நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். எட்டு மாதப் பின்னல். அதை ஒரு தடவை தடவிக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நடந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும், "விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருக்கலாம். அந்தம்மா உடம்புலேருந்து உருவிண்டு போய்ப் போட்டுண்டா எனக்குக் குளிர் அடங்குமா? மணி என்ன?"

"பதினொண்ணு."

"ரயிலுக்கு எட்டு மணி நேரம் இருக்கு. வாங்கோ."

அந்த எட்டு மணி நேரத்தில் அவள் ஒரு மலையேறும் படைக்கு ஆடை தயாரித்தாள் என்றால் மிகையில்லை. முதலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எட்டாம் வகுப்புக்கு எடுப்பதுபோல ஒரு பாடம் எடுத்தாள். கம்பளி சூடு கொடுப்பதில்லை. கம்பளிக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. காற்றை அடைக்கக் கம்பளிதான் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அடுக்கடுக்காக எதைப் போட்டாலும் நடுவில் காற்று நிற்கும். ஆகவே வீட்டில் இருக்கிற அத்தனையும் அடுக்கு.

மொத்தமான பூந்துவாலைகள் நான்கைத் தையல் மெஷினில் ஏற்றி இரண்டு கையில்லாச் சட்டைகளாக்கினாள். என்னுடையதில் நெஞ்சுக்கு நேரே 'நல்வரவு' என்று நெய்திருந்தது. யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த துவாலை. பழைய வேட்டியைப் பட்டையாகக் கிழித்துக் காலுக்குச் சுற்ற வைத்தாள். பட்டு உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று தன் முகூர்த்தப் புடவையை அலமாரியிலிருந்து எடுத்தாள். பதினொரு வருஷம் முன்பு ரிசப்ஷனுக்கு நான் போட்டுக்கொண்ட கோட்டு கிடைத்தது. அதில் நான் மட்டும்தான் அடங்கவில்லை. பொத்தான்களுக்கும் துளைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "பரவாயில்லை, முதுகுக்கு ஆச்சு. முன்பக்கத்துக்கு நல்வரவு இருக்கு" என்றாள். ஒரு மாதத்துச் செய்தித்தாள்களைக் கட்டி வைத்தாள். பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்ள.

கடைசியாக ஜமக்காளம். எங்கள் வீட்டிலிருந்த ஒரே பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் கோடு போட்டது. அதை விரித்தாள். நடுவில் கத்தரிக்கோலை வைத்தாள்.

"ஐயோ, அது உங்கப்பா கொடுத்ததாச்சே!"

"அப்பா குடுத்ததுதான். தலை நுழையற அளவுக்கு வெட்டினா ரெண்டு பக்கமும் முழங்கால் வரைக்கும் தொங்கும். நீங்க போட்டுக்கலாம்."

"நானா?"

"பின்னே பரஸ்தானம் வெச்சது யாரு?"

வெட்டினாள்.

எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. வடக்கு மாடவீதிக்குப் போய் இரண்டு குரங்குக் குல்லாய் வாங்கி வருவது. மெட்ராஸில் கம்பளி கிடைக்காது என்று சொல்வது தவறு. மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் இடுப்பில் ஒற்றை வேட்டியும் வெறும் மேலுமாக, தலையில் மட்டும் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு பஜனைக்குப் போவார்கள். குளிர் தலை வழியாக மட்டும் இறங்கும் என்பது எங்கள் பேட்டையின் நம்பிக்கை. கடையில் குவித்து வைத்திருந்தான்.

பெட்டி திரும்ப நிரம்பியது. மேலே அவள் நோட்டை வைத்து மூடினாள். நான் மூடியின் மேல் உட்கார, அவள் பூட்டைப் போட்டாள். பூட்டு நன்றாகவே இருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

டாக்சிக்காரர் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டே கேட்டார்: "எங்க சார், சென்ட்ரலா? எந்த ஊருக்கு?"

"ஊட்டி."

"இன்னா சார், மார்கழிலயா? அவனவன் அங்கேருந்து இங்க ஓடியாந்துகினு கீறான். வூட்ல எதுனா தகராறா?"

"இல்லைப்பா, குளிரைப் பாக்கப் போறோம்" என்றாள் மனைவி.

அவர் வழி முழுக்கக் கண்ணாடியில் என்னைத்தான் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊட்டியில் முதல் இரண்டு நாள் மேகம். குளிர் இருந்தது, பல்லைக் கழற்றி எடுக்கிற குளிர். ஆனால் உறைபனி இல்லை. மேகம் போர்வை மாதிரி, அது இருந்தால் தரையின் சூடு வெளியே போகாது என்று அவள் விளக்கினாள். எங்களுக்கு ஒரு போர்வை இல்லாத நேரத்தில் பூமிக்கு மட்டும் என்ன போர்வை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கணப்பில் விறகு புகைந்தது. நான் உள்ளே செய்தித்தாள், அதன்மேல் நல்வரவு, அதன்மேல் கல்யாணக் கோட்டு, அதன்மேல் ஜமக்காளம் என்று உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். கொண்டுவந்த ஒரே புத்தகத்தைப் படிக்கக் கையை வெளியே நீட்ட முடியாததால் அதுவும் மிச்சமாயிற்று. அடுத்த வீட்டுத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி எந்த மடமுங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேகம் விலகியது. நான்காம் நாள் மத்தியானம் நாங்கள் திரும்ப வேண்டும். அவள் வாசலில் நின்று வானத்தை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காற்று இருக்கிறதா என்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தாள். "நாளைக்குக் கார்த்தால" என்றாள். அவ்வளவுதான்.

விடியும்போது என்னை உலுக்கினாள். வெளியே போனோம். உருளைக்கிழங்கு வயலுக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு முழுக்கப் புல். புல் இருந்த இடத்தில் வெள்ளை இருந்தது. பஞ்சு மாதிரி இல்லை, உப்பு மாதிரியும் இல்லை. ஒவ்வொரு புல்லும் தன் விளிம்பில் தனித்தனியாக ஒரு மெல்லிய முள்வரிசையைப் பூட்டிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை உதறிவிட்டு முகூர்த்தப் புடவையோடு அதன் நடுவில் மண்டியிட்டாள். தலையில் குரங்குக் குல்லாய். ஒரு புல்லைக் கிள்ளிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"நான் தப்பா வரைஞ்சிருக்கேன்" என்றாள். "முழுசா வெள்ளை பூசுவேன். ஓரத்துலதான் ரொம்பப் படிஞ்சிருக்கு, பாருங்கோ. ஓரத்துலதான்."

குரலில் வருத்தம் இல்லை. இத்தனை வருஷம் தப்பாக வரைந்தது தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆசிரியரை நான் பார்த்ததில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, விரல் நீலம் பாரித்து நடுங்க, ஒரு புல் வரைந்தாள். வெயில் ஏறி, வெள்ளை வெறும் ஈரமாகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று சரசரத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் மேலதிகாரியிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அது தன் மாமனாருடையது, தனக்கும் பிடிக்காது என்றார். அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த அதிர்ஷ்டம்.

புது வருஷத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் கேக் துண்டுகளோடு வந்தார். மனைவி அவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள், பரஸ்தானம் உட்பட. அந்த அம்மாள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். மனைவி அவசரமாக, "அதெல்லாம் விடுங்கோ மேடம், நல்ல இடத்துக்குத்தானே போச்சு. நான் போன காரியமும் ஆயிடுத்து. இதைப் பாருங்கோ" என்று நோட்டைத் திறந்து, உறைபனி படிந்த அந்தப் புல்லைக் காட்டினாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இதுக்கா டீச்சர் இவ்வளவு பாடு?" என்றார். "பையன் கப்பல்லேருந்து கொண்டாந்த ஃப்ரிஜ் எங்க சமையக்கட்டுல நிக்குது. மேல் தட்டுல ரெண்டு விரக்கடை கனத்துக்கு இதேதான் அப்பிக் கெடக்குது. வாராவாரம் கரண்டியால சுரண்டி சாக்கடையில கொட்டறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதவத் தொறந்து காட்டியிருப்பேனே!"